மூன்றடிப் பசு

முழு வளர்ச்சி அடைந்த கேரளத்து வேச்சூர் பசுவின் தோள்வரை அளந்தால் சராசரியாக 90 சென்டிமீட்டர், அதாவது மூன்றடிதான் இருக்கும். சாப்பாட்டு மேசையைவிட ஒரு சாண்கூட உயரம் இல்லை. உடல் நீளம் சுமார் 124 சென்டிமீட்டர், எடை 130 கிலோவை ஒட்டி. கலப்பினக் கறவை மாடு ஒன்று சாதாரணமாக 350, 400 கிலோ இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். உலகின் மிகச் சிறிய மாட்டினம் என்று கின்னஸ் புத்தகம் இதைப் பதிவு செய்திருக்கிறது. முதல்முறை பார்ப்பவர்கள் கன்று என்று நினைத்துவிட்டு, பின்னால் அதனுடைய கன்று வந்து மடி முட்டுவதைக் கண்டு திகைப்பது உண்டு.

இது ஊனமோ வளர்ச்சிக் குறைவோ இல்லை. கால், உடல், தலை, கொம்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே சிறுத்திருக்கின்றன. வால் மட்டும் நீளம், ஏறத்தாழ தரையைத் தொடும். காளைக்குத் திமில் எடுப்பாகத் தெரியும். வெளிர் சிவப்பு, கறுப்பு, சந்தன நிறம், வெள்ளை எனப் பல நிறங்களில் உண்டு. பிறக்கும்போது கன்றின் எடை 10 கிலோ அளவுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றிவிடலாம்.

திருவனந்தபுரத்து வலியசாலையைத் தெரிந்தவர்களுக்கு இந்த அளவின் அருமை உடனே விளங்கும். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சார்ந்த பழைய தமிழ்க் குடியிருப்பு அது. ஒட்டுச்சுவர் வைத்த வரிசை வீடுகள்; முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம், கடைசியில் கிணறும் நாலைந்து மரங்களும் உள்ள கொல்லை. அப்படிப்பட்ட கொல்லையில் பெரிய கலப்பின மாட்டைக் கட்டினால் மாடு நிற்க இடம் போதும், திரும்ப இடம் போதாது. அதைக் கூடத்து வழியாக வெளியே கொண்டுபோவதும் பெரும்பாடு. மூன்றடிப் பசுவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவே ஒரு சாய்ப்பு இறக்கினால் அதற்குக் கொட்டில் ஆயிற்று.

அடுத்தது தீவனம். மாட்டுக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் நூற்றுக்கு 2.5 முதல் 3 பங்கு வரை உலர் தீவனம் வேண்டும் என்பது கால்நடைத் துறையின் பொதுக் கணக்கு. வேச்சூர் பசுவுக்கு மூன்று, நாலு கிலோவில் முடிந்துவிடும். 400 கிலோ மாட்டுக்கு 10 கிலோவுக்கு மேல் ஆகும். பச்சைப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால், பெரிய மாட்டுக்கு நாள்தோறும் ஒரு பெரும் சுமை புல் தேட வேண்டும். சின்ன மாட்டுக்கு வைக்கோல் ஒரு கட்டு, கொல்லைப் புல், வாழைத்தண்டு, பலாச்சக்கையின் மடல், அரிசி கழுவிய கழுநீர், கொஞ்சம் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் என்று வீட்டிலும் பக்கத்துக் கடைத்தெருவிலும் கிடைப்பதை வைத்தே பெரும்பங்கு சமாளிக்கலாம். வலியசாலைக்காரருக்குச் சாலைக் கடைத்தெரு கூப்பிடு தூரம்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது பாவம். வீட்டில் மிஞ்சியது எல்லாம் மாட்டுத் தீவனம் ஆகாது. 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற மாடுகள் சுருண்டு விழுந்தன. ஐந்து மாடுகள் இறந்தன. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. மாவும் இனிப்பும் மொத்தமாக உள்ளே போனால் புளிப்பு சட்டென்று ஏறி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, வயிறு உப்பி, அமிலம் ரத்தத்திலும் கலந்துவிடும். 130 கிலோ உடம்புக்கு அந்த எல்லை இன்னும் கிட்டே இருக்கிறது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கொண்டுவந்து கொட்டுவது அன்பில் செய்யும் கெடுதல். மரச்சீனி இலையும் தோலும் அப்படித்தான். பச்சையாகத் தின்றால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். நன்றாக உலர்த்தியபின் கொடுப்பதே வழக்கம்.

பால் எவ்வளவு? நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர். விற்றுப் பிழைக்க நினைப்பவருக்கு இது கட்டாது, அவர் கலப்பின மாடே வாங்கட்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கோ காலைக் காப்பி, மத்தியானத் தயிர், மோர்க்குழம்பு, குழந்தைக்கு ஒரு டம்ளர் என்று இந்த அளவு சரியாகப் போகும். கொழுப்பு 4.7 முதல் 5.8 சதவீதம் வரை இருப்பதால் தயிர் கெட்டியாக உறையும். இரண்டு லிட்டர் பாலில் 100 கிராம் அளவு கொழுப்பு இருக்கிறது. ஆடை சேர்த்துவைத்துக் கடைந்தால் வீட்டுக்கு வேண்டிய நெய் கிடைக்கும். கொழுப்புத் துளிகள் சிறியவை என்பதால் பால் எளிதில் செரிக்கும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். துளிகள் சிறியவை என்பது ஆய்வில் அளந்து கண்டது. ஆனால் நாட்டு மாட்டுப் பாலை 'ஏ2 பால்' என்ற பெயரில் சர்க்கரை நோயையும் இதய நோயையும் தடுக்கும் என்று விற்கும் விளம்பரங்களுக்கு அந்த உறுதி கிடையாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே சொன்னது. நல்ல பாலுக்கு இல்லாத மகிமை ஏற்ற வேண்டியதில்லை.

சாணம் தினமும் ஐந்து, ஆறு கிலோ விழும். ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு டன். தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் என்பது பரிந்துரை. மட்கியபின் சாணம் பாதியாகக் குறைந்தாலும், கொல்லைத் தென்னைக்கும் வாழைக்கும் சேம்புக்கும் கறிவேப்பிலைக்கும் போட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். வாழைத்தண்டு மாட்டுக்கு, சாணம் வாழைக்கு என்று இந்தச் சுற்று கேரளத்து வீட்டு வளவுகளில் பல தலைமுறைகளாக ஓடியது.

அந்தச் சுற்றிலிருந்து மாடு எப்படி விடுபட்டது என்பதுதான் வருத்தமான பகுதி. வேச்சூர் என்பது கோட்டயம் மாவட்டத்தில், வைக்கம் பக்கம், வேம்பநாட்டுக் காயலின் கரையில் உள்ள கிராமம். சுற்றிலும் நெல்வயலும் நீரும். வரப்புப் புல்லும் வைக்கோலும் தின்று, அந்த ஈரத்துக்கும் புழுக்கத்துக்கும் பழகி வளர்ந்த இனம் இது. உடம்பு சிறிதானால் எடையைப் பார்க்கத் தோல் பரப்பு அதிகம், சூடு விரைவாக வெளியேறும். குறைந்த தீனியில் பிழைக்கவும் அதுவே தோது. 1961இல் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத பொலிகாளைகளைக் காயடிக்க வேண்டும் என்பது விதி. நாட்டுக் காளைகளுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 1963இல் மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு கலப்பினத் திட்டம் தொடங்கியது. நோக்கம் கெட்டதல்ல, பால் தட்டுப்பாட்டில் இருந்த மாநிலத்துக்கு அது உண்மையிலேயே பால் கொடுத்தது. இன்று கேரளத்து மாடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் கலப்பினம். ஆனால் காளை இல்லாமல் இனம் ஏது? ஒரே தலைமுறைக் காலத்தில் வேச்சூரிலேயே வேச்சூர் பசு அரிதாகிப்போனது.

1989இல் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மரபியல் பேராசிரியராக இருந்த சோசம்மா ஐப், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தார். வீடு வீடாகக் கேட்டு, கலப்பு ஏறாத மாடுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, விலை கொடுத்து வாங்கி, விரல்விட்டு எண்ணக்கூடிய மாடுகளோடு பல்கலைக்கழகத்தில் ஒரு காப்புக் கூட்டத்தை உருவாக்கினார்கள். 'இந்தக் குள்ள மாட்டால் என்ன லாபம்' என்ற கேள்வி வந்துகொண்டே இருந்த காலம் அது. கேட்டவர்கள் லிட்டரை மட்டும் எண்ணினார்கள். தின்ற தீவனம், வந்த நோய், மருத்துவருக்குக் கொடுத்த பணம் ஆகியவற்றையும் எண்ணியிருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும். 1998இல் வேச்சூர் பசுப் பாதுகாப்பு அறக்கட்டளை அமைந்தது. 2022இல் சோசம்மா ஐப்புக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சிலவற்றிலிருந்து பெருக்கிய கூட்டத்துக்கு உறவுக்கலப்புதான் பெரிய ஆபத்து. தகப்பன் காளையும் மகள் பசுவும் சேர்ந்துவிட்டால் கன்றுகளின் வலுவும் சினை பிடிக்கும் திறனும் குறையும். வீட்டில் ஒரு பசு மட்டும் வைத்திருப்பவர் காளை வளர்க்க மாட்டார், உறைவிந்தில் சினை ஊசிதான் போடுவார். பருவத்துக்கு வந்த நாளில் வேச்சூர் உறைவிந்து கைக்கு எட்டாமல், அவசரத்துக்கு ஜெர்சி ஊசி போட்டால் இரண்டு கேடு. இனம் கலந்துவிடும், கன்று பெரிதாகி ஈற்றில் தாய்க்கே ஆபத்து வரலாம்.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். பேர் பரவியதும் விலை ஏறிவிட்டது. குட்டையாக இருக்கும் நாட்டு மாட்டையும் கலப்புக் கன்றையும் வேச்சூர் என்று தள்ளிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். காசர்கோட்டுக் குட்டை மாடு தனி வகை, ஆந்திரத்துப் புங்கனூர் தனி, கர்நாடகத்து மலைநாடு கிட்டா தனி. உயரத்தை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது. தாய், தகப்பன் விவரம் உள்ள பதிவைக் கேட்டு வாங்குவதே வழி.

ஒரு பண்ணையில் அத்தனையையும் அடைத்துவைத்தால் ஒரு கோமாரியோ ஒரு தீயோ எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்பதால், இனக்காப்பில் இப்போது வீடுகளுக்குப் பெரிய இடம் இருக்கிறது. ஆங்காங்கே கொல்லைகளில் சிதறி நிற்கும் பசுக்களே இந்த இனத்தின் காப்பீடு. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை: ஊசி போட்ட தேதி, காளையின் எண், கன்று ஈன்ற நாள், கன்று கிடேரியா காளையா என்ற விவரம். பால் கணக்கு எழுதும் அதே நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்கினால் போதும்.