கருவிழிக்குக் காவல் நிற்கும் மெல்லிய படலம்

நம் உடல் எங்கெல்லாம் வெளியுலகைத் தொடுகிறதோ, அங்கெல்லாம் எபிதீலியச் செல்கள் இடைவெளியின்றி அடுக்கி நிற்கின்றன. தோலில் அவை பல அடுக்குகளாக அமைந்து, மேலடுக்கு காய்ந்து உதிர உதிரக் கீழிருந்து புதியவை எழுகின்றன. மூச்சுக்குழலில் நுண்ணிய இழைகளை அசைத்துத் தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. குடலில் செரித்த உணவை உறிஞ்சுகின்றன. இவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதலாம். ஆயினும் மதுரையைச் சுற்றியுள்ள வயற்காட்டு மக்களை எண்ணும்போது, கண்ணின்மேல் உள்ள எபிதீலியத்தைப் பற்றியே முதலில் பேச வேண்டும் எனக் கருதுகிறோம்.

கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் பகுதியே கருவிழி. பெயரில் கருமை இருப்பினும் அது நிறமற்றது. நாம் காணும் கருமை அதன் பின்னுள்ள பாவையினுடையது. நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள அதன் மேல், அதில் பத்தில் ஒரு பங்கே தடிப்புள்ள எபிதீலியம் போர்த்தியிருக்கிறது. ஐந்தாறு அடுக்குச் செல்கள்தாம். மேலடுக்குச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் கிருமி எளிதில் உட்புக முடியாது. ஒளி தடையின்றிச் செல்வதற்காகக் கருவிழியில் இரத்தக் குழாய்களே இல்லை. வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து பெறுகிறது. ஆனால் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ளன. ஒரு சிறு தூசி விழுந்தாலும் நாம் துடித்துப் போவது அதனால்தான்.

இப்படலம் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்வது. கருவிழியும் வெள்ளைவிழியும் கூடும் விளிம்பில் ஸ்டெம் செல்கள் உள்ளன. அங்கிருந்து புதிய செல்கள் நடுநோக்கி நகர்கின்றன. ஏழு முதல் பத்து நாள்களுக்குள் மேற்படலம் முழுவதும் புதிதாகிவிடுகிறது. சிறு சிராய்ப்பு ஏற்பட்டால், அருகிலுள்ள செல்கள் நகர்ந்து வந்து பெரும்பாலும் ஓரிரு நாள்களில் அதை மூடிவிடும். காயம் தூய்மையாக இருந்தால் ஆறிவிடும். அது மூடுவதற்குள் கிருமி புகுந்துவிட்டால்தான் தொல்லை.

நெற்கதிரின் சுணை, கரும்புத் தோகையின் விளிம்பு, கதிரடிக்கும்போது தெறிக்கும் பதர், பால் கறக்கையில் மாடு வீசும் வால் இவையெல்லாம் கருவிழியைக் கீறக்கூடியவை. செடிகொடிகளிலும் மண்ணிலும் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் வாழ்கின்றன. கீறிய பொருளே பூஞ்சையையும் உள்ளே விதைத்துவிடுகிறது.

1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தவர் 140 பேர். பூஞ்சை மட்டும் இருந்தவர் 139 பேர். குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது, இங்கோ சரிபாதி. 1993இல் மதுரை மாவட்டத்தில் இலட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர் என மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் கவுண்டி ஒன்றில் அவ்வெண்ணிக்கை 11 மட்டுமே.

சிராய்ப்பை உடனே கண்டறிந்தால் புண்ணைத் தவிர்க்கலாமா? இதனை அறிய அலங்காநல்லூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 48,000 மக்களிடையே 18 மாதங்கள் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஊர் நலப்பணியாளர்கள் கண்ணில் ஃபுளோரசின் சாயத்தை இட்டு, நீலநிற டார்ச் ஒளியில் பார்த்தனர். படலம் முழுமையாக இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது. கீறல் விழுந்த இடம் பச்சையாக ஒளிரும். சிராய்ப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாள்கள் களிம்பு இட்டனர். அவர்களின் காயங்கள் புண்ணாகாமல் ஆறின. பின்னர் நேபாளத்தில் நடந்த பெரிய ஆய்வொன்றில், இத்தகைய ஏற்பாட்டால் ஊரின் மொத்தப் புண்கள் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் தனி ஒருவருக்கு முதல் நாளின் மருத்துவம் முக்கியம் என்பதில் ஐயமில்லை.

அந்த முதல் நாளில்தான் தவறான வைத்தியமும் நடக்கிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும், நாக்கால் துழாவித் தூசியை எடுப்பதும் திறந்து கிடக்கும் காயத்தில் கிருமியைச் சேர்க்கும். அன்பினால் செய்வதுதான், ஆயினும் செய்யலாகாது. அதைவிடக் கொடியது, கடையில் தாமே வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. சிவப்பும் வலியும் குறைவதால் நலம் என்று தோன்றும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். தூய நீரால் கண்ணைக் கழுவி, கசக்காமல், கட்டுப் போடாமல், அன்றே கண் மருத்துவரிடம் வருவதே முறை.

பூஞ்சைப் புண் உறுதியானால் மருத்துவம் வாரக்கணக்கில் நீளும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து, 2013இல் வெளியான ஆய்வில், புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே மேலானது எனத் தெரிந்தது. ஃபியூசேரியம் பூஞ்சையில் அவ்வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. ஆனால் நேட்டமைசின், முழுமையான எபிதீலியத்தை எளிதில் ஊடுருவாது. கிருமியைத் தடுக்க அமைந்த கதவு மருந்தையும் தடுக்கிறது. ஆகவே சில வேளைகளில் மருத்துவர் கண்ணை மரக்கச் செய்து, புண்ணின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி எடுப்பார். “ஆற வேண்டிய புண்ணை ஏன் சுரண்டுகிறார்கள்?” என்று உறவினர் அஞ்சுவதுண்டு. மருந்து உள்ளே செல்ல வழி செய்வதும், ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி எடுப்பதுமே அதன் நோக்கம்.

தொடக்க நாள்களில் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விடச் சொல்வதும் இதனால்தான்: கண்ணீர் சில நிமிடங்களிலேயே மருந்தின் பெரும்பகுதியைக் கழுவிவிடுகிறது. இரவுக்கென மருத்துவர் குறித்துள்ள வேளைகளைக் குடும்பத்தார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். புட்டியைக் குலுக்கிவிட்டுச் சொட்டுங்கள். நேட்டமைசின் அடியில் படியும் மருந்து. புட்டியின் முனை இமையில் படக்கூடாது. வலி குறைந்தாலும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.