பத்தாம் வகுப்புக்குப் பின் வேளாண் பிரிவு

ராஜபாளையத்தில் மலையடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது; அங்கு உருவான பருத்தி ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று ஊர்ப்பெயரைத் தாங்கியே வெளிவருகின்றன. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, விவசாயத்தைப் பள்ளியிலேயே பாடமாகப் படிக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியவில்லை. 1978இல் பிளஸ் டூ தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. வேளாண்மை அதில் ஒன்று.

"படிக்க அனுப்பினால் மறுபடியும் மண்வெட்டியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் மூன்று மணி நேரம்தான். மீதிப் பொழுதில் பிள்ளை வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

ராஜாஜி திட்டம் வந்த அதே 1953இல், இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த லட்சுமணசாமி முதலியார் குழு வேறொன்றைச் சொன்னது: கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளில் வேளாண்மையை முறையான பாடமாக்குங்கள், தோட்டக்கலையும் கால்நடை வளர்ப்பும் சேரட்டும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முன்னது பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்கியது. பின்னது, விரும்புகிற எந்தப் பிள்ளைக்கும் ஆசிரியரை வைத்து அறிவியலாகச் சொல்லித்தரச் சொன்னது.

அறிவியலாகக் கற்பது என்றால் என்ன என்பதற்கு, பரிசோதனைக்கு மண் மாதிரி எடுப்பதையே பாருங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, இரு பக்கச் சரிவிலும் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் கூடாது. பல இடங்களில் எடுத்ததைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். பரம்பரை விவசாயிகளிலேயே எத்தனை பேர் இப்படி எடுக்கிறார்கள்? இதைப் பதினாறு வயதில் கற்றவர் கண்ணை மூடிக்கொண்டு யூரியா போடமாட்டார்.

குறை பாடத்தில் இல்லை, ஆசிரியர் இல்லாததில் இருக்கிறது. அமெரிக்கா 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் இயற்றியபோது, பள்ளி வேளாண் ஆசிரியர்களின் சம்பளத்துக்கே மத்திய அரசு பணம் ஒதுக்கியது. இங்கோ தொடக்க காலத்தில் பகுதிநேரப் பயிற்றுநர்களை வைத்தே ஓட்டினார்கள். பிறகு ஓய்வுபெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் பல அரசுப் பள்ளிகளில் பிரிவே மூடப்பட்டுவிட்டது. இது பெரிய இழப்பு.

இந்தப் பிரிவில் படித்தால் பட்டப்படிப்புக்குக் கதவு அடைபடும் என்ற பயம் வேண்டாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போகும்போது, வேளாண் பிரிவு இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்து மூலமாகக் கோரிக்கை வையுங்கள்.