பூப்பறிக்கும் கை அறிந்த மஞ்சரி

ஆலங்குடிப் பக்கத்துக் கீரமங்கலத்தின் பூந்தோட்டங்களில், பனி விலகுமுன்னரே மடியைக் கட்டிக்கொண்டு பூப்பறிக்க இறங்கும் பெண்களின் கைகளைச் சற்று நின்று கவனிப்பவர்க்கு, அக்கைகள் செடிக்குச் செடி வேறு விதமாக இயங்குவது புலப்படும். கனகாம்பரக் கதிரில் அவை அடிப்புறத்தில் விரிந்த மலர்களையே நாடுகின்றன. மல்லிகையிலோ, மும்மூன்றாய் அரும்பு கட்டிய கிளைநுனியில் நடுவே பருத்து நிற்பதை முதலில் கிள்ளி, இருபுறத்துச் சிற்றரும்புகளைப் பின்னொரு நாளைக்கு விட்டுவைக்கின்றன. பூக்கள் தண்டின்மீது அமைந்திருக்கும் முறையே இப்பேதத்திற்குக் காரணம். அவ்வமைப்பைத் தாவர சாஸ்திரிகள் மஞ்சரி என்பர். இணர் என்பது நம் பழந்தமிழ்ச் சொல்.

தண்டின் நுனி இடையறாது வளர்ந்துகொண்டே பக்கங்களில் அரும்புகளைத் தோற்றுவிக்குமாயின், மூத்த மலர் அடியிலும் இளைய அரும்பு உச்சியிலும் இருப்பது இயல்பு. இது நுனிவளர் மஞ்சரி. கனகாம்பரமும் சம்பங்கியும் இவ்வினத்தன. அவ்வாறன்றி நுனியே ஒரு மலராகி முடிந்துவிடுமாயின், மேலே வளர இடமின்றிப் பக்க அரும்புகள் அதன் கீழிருந்து பிறகே கிளைக்கும். ஆகவே நடுமலரே மூத்தது. மல்லிகையும் முல்லையும் இத்தகைய நுனிவளரா மஞ்சரிகள். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் சித்திரித்துள்ள தாமரையோ, ஒரு தண்டுக்கு ஒரே மலராய்த் தனித்து நிற்பது.

இவற்றினும் அதிசயமானது செண்டிப்பூ. ஒரே பூவென்று நாம் மாலையில் கோக்கும் அது, உண்மையில் பல சிறுபூக்களின் சமூகம். அதன் இதழொன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் மெலிந்து நீண்ட விதைப்பகுதி ஒட்டிக்கொண்டு வரும். இதழென்று நாம் எண்ணியது ஒரு முழு மலர் என்பதற்கு அதுவே சாட்சி. கனகாம்பரக் கதிரை மேலிருந்து அமுக்கித் தட்டையாக்கியதாகப் பாவித்துக்கொண்டால், அடியிலிருந்த மூத்த மலர்கள் விளிம்புக்கும் உச்சியின் இளையவை நடுவுக்கும் வந்துவிடுமல்லவா? செண்டிப்பூ விளிம்பிலிருந்து உள்நோக்கி மலர்வதன் ரகசியம் அதுதான்.

இனி, வடகாட்டுப் பக்கத்துத் தோப்புகளில் அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் பலாவைப் பாருங்கள். அப்பெரிய பழம் ஒரு பூவிலிருந்து உண்டானதன்று. ஒரு மஞ்சரி முழுவதுமே திரண்டு பழுத்தது. ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ. சுளைகளுக்கிடையே நாரென்று நாம் கழித்துப் போடுபவை, மகரந்தம் சேராமற்போன பூக்கள்.