வேன் நின்ற பிறகும் விளக்கு எரிய

புரட்டாசி பிறந்துவிட்டால் உடன்குடி வட்டாரத்தில் தசரா குழுக்கள் புறப்படத் தொடங்கிவிடும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குறவன், ராஜா என வேடம் கட்டியவர்கள், மேளதாளத்தோடு வேனில் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை திரட்டுவார்கள். விஜயதசமி இரவில் கடற்கரையில் நடக்கும் மகிஷாசுர சம்ஹாரம் வரை பலருக்கும் வேன்தான் வீடு.

மேலைநாடுகளில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடானாலும் சரி, நம்மூர் வேனானாலும் சரி, கேள்வி ஒன்றுதான். இன்ஜினை நிறுத்திய பிறகு விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தரும் பேட்டரிக்கு எதைக் கொண்டு சார்ஜ் ஏற்றுவது?

முதலில் செலவைக் கணக்கிட வேண்டும். எல்இடி விளக்குகளுக்கு 20 வாட், சிறு விசிறிக்கு 25, மைக் செட்டுக்கு 75 என்று வைத்தால் மொத்தம் 120 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இது 10 ஆம்ப்ஸ். நான்கு மணி நேரத்துக்கு 40 ஆம்பியர்-மணி, அதாவது 40 ஏஎச். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது என்பதால் 100 ஏஎச் பேட்டரி தேவைப்படும்.

எடுத்ததைத் திருப்பி ஏற்ற மூன்று வழிகள் உண்டு.

மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் ஒன்று. இன்ஜின் ஓடும்போது அது 14.2 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கப் பேட்டரிக்கு ஐந்து மீட்டர் தூரம், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்ப்ஸ் ஓட்டம் என்றால், போக வர வயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும். பேட்டரிக்குக் கிடைப்பது 13.6தான். நாள் முழுக்க ஓடினாலும் அது நிறைவது கடினம். அரைகுறையாகவே கிடக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். 16 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.23 வோல்ட்டாகக் குறையும். இடையில் டிசி-டிசி சார்ஜர் வைத்தால் பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டை அதுவே உயர்த்திக் கொடுக்கும்.

இரண்டாவது, தங்கும் இடத்தில் கரண்டில் செருகும் சார்ஜர். 100 ஏஎச் ஈயப் பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்ப்ஸ் சார்ஜர் போதும். மூன்றாவது, கூரை சோலார். நல்ல வெயிலில் 200 வாட் பலகை ஒரு நாளில் ஏறக்குறைய 55 ஏஎச் தரும். மேலே சொன்ன இரவுச் செலவை அது ஒன்றே ஈடுகட்டிவிடும்.

எந்த வழியானாலும் சார்ஜர் பேட்டரியின் வகைக்குப் பொருந்த வேண்டும். ஈயத்துக்கு 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவில் நிறுத்தும் சார்ஜர் வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6 போதும். சல்பேட் நீக்க 15 வோல்ட்டுக்கு மேல் போகும் பழைய சார்ஜரை அதில் மாட்டவே கூடாது. 100 ஏஎச் ஈயப் பேட்டரி 30 கிலோ அளவில் இருக்கும். லித்தியம் 12 கிலோ அளவுதான். ஊர் ஊராக ஓடும் வண்டிக்கு அது பெரிய மிச்சம்.

இந்த லித்தியத்தின் கதையில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து செய்த ஆய்வு, பாஸ்பேட் வகைப் பேட்டரிகளுக்கு வழி திறந்தது. 2019இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை வாசித்ததும் மந்திரம்தான்.

உடன்குடி வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் சார்ஜ் வோல்ட்டை 0.024 அளவுக்குக் குறைக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் 40 டிகிரி என்றால் 14.4க்குப் பதில் 14 வோல்ட். வெப்பம் அறிந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கூடுதல் விலைக்குத் தகும். சார்ஜ் ஏறும்போது ஈயப் பேட்டரி ஹைட்ரஜன் விடும் என்பதால், ஆட்கள் படுக்கும் பகுதிக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைப்பது அவசியம்.

இவற்றை வேன் புறப்படும் நாளில் பார்த்தால் தாமதம். ஒரு வாரம் முன்பே முழுக்க சார்ஜ் போட்டு, சில மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரை வைக்க வேண்டும். ஈயப் பேட்டரியில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது; 12.2 என்றால் பாதிதான். கடல்காற்றில் டெர்மினல் பூத்திருந்தால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவி வைப்பது நல்லது.