முட்டைக்கு அவசரப்படாதீர்கள்

2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்கு எமது நாட்டில் தட்டுப்பாடு ஏற்பட்டது நினைவிருக்கும். அவ்வேளையில் எமது ஊரில் பல வீடுகளின் பின்வளவுகளில் கோழிக்கூடுகள் எழுந்தன. எங்கள் வீட்டுக்கும் பத்துப் பேட்டுக் கோழிகள் வந்தன. வாங்கியவர் மனைவி. கெடுத்தவன் நான்.

போட்ட முதலை விரைவாகப் புரட்டுவதுதான் கடைக்காரனின் புத்தி. கோழிகளுக்கு வயது 12 வாரம்தான். முட்டைக்கோழித் தீனைப் போட்டால் முந்தி முட்டையிடும் என நினைத்து, அதையே மூட்டையாக வாங்கிப் போட்டேன். முட்டை முந்தவில்லை. இரண்டு கோழிகள் மெலிந்து செத்தன.

கால்நடை வைத்தியர் செத்த கோழியை அறுத்துப் பார்த்து விளக்கிய பின்னரே என் தவறு புரிந்தது. முட்டைக்கோழித் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் கோழிக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிஞ்சியதை வெளியேற்ற முடியாமல் இளங்கோழியின் சிறுநீரகம் பழுதாகிவிடுகிறது.

அப்படியானால் தீனை எப்போது மாற்றுவது? பண்ணை இனங்களுக்குச் சுமார் 18 வாரத்தில். ஊர்க்கோழிக்கு இன்னும் தாமதமாகும். கொண்டை சிவந்து, முதுகில் கை வைத்தால் கோழி பதுங்கிக் குந்தினால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் பழைய தீனுடன் கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். முட்டையிடத் தொடங்கியதும் சிப்பித்தூளைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்; தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

குடற்புழு மருந்தையும் தடுப்பூசிகளையும் முட்டைக்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. நான்கு கோழிக்கு ஒரு பெட்டி வீதம், வைக்கோல் பரப்பி, இருட்டான மூலையில் இரண்டு வாரம் முன்னதாகவே வையுங்கள். இல்லாவிட்டால் முட்டையைப் பற்றைக்குள் தேட வேண்டிவரும். எமது நாட்டில் பகல் பொழுது சுமார் 12 மணித்தியாலம். முட்டையிடும் கோழிக்கு 14 மணித்தியால வெளிச்சம் நல்லது. விடியுமுன் இரண்டு மணித்தியாலம் ஒரு சிறிய மின்குமிழ் எரிந்தால் போதும். ஆனால் பருவத்துக்கு வராத கோழிக்கு அதைச் செய்யாதீர்கள். உடல் முற்றுமுன் முட்டையிட்டால் முட்டைக்குழாய் வெளித்தள்ளும் ஆபத்துண்டு.

பத்துக் கோழி நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ தீன் தின்னும். வரவில்லாமல் ஆறு வாரம் செலவழிப்பது எந்த வியாபாரிக்கும் கசக்கும். எனக்கும் கசந்தது. ஆனால் அந்த ஆறு வாரமும் முதலீட்டில் சேர்ந்ததே. அதை மிச்சம் பிடிக்கப் போய் நான் இழந்தது இரண்டு கோழிகளை. மீதி எட்டின் கணக்கு இப்போது மனைவியிடம். தீன் மூட்டையைத் தொட எனக்கு அனுமதியில்லை.