ஹாப் வாங்கியாச்சு, கல்லை எப்படி வெட்டுறது?

பழைய கிரானைட் மேடையை வெட்டி பில்ட்-இன் ஹாப் வைக்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வைக்கலாம், நானே வச்சேன். மூணு மாசத்துல மேடையில விரிசலும் விட்டுச்சு. அதனால இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல அளவு. ஹாப்ல மேல தெரியுற கண்ணாடி பெரிசு, கல்லுக்குள்ள இறங்குற பெட்டி சின்னது. மேனுவல்ல ரெண்டு அளவும் இருக்கும். மேஸ்திரிகிட்ட கொடுக்க வேண்டியது 'கட்-அவுட்' அளவு. கண்ணாடி அளவைக் கொடுத்தா அடுப்பு நேரா கீழ இருக்கிற கப்போர்டுக்குள்ள போயிடும். பல 60 செ.மீ. ஹாப்களுக்கு கட்-அவுட் 560-க்கு 490 மி.மீ. ஆனா மாடலுக்கு மாடல் மாறும். அதனால ஹாப் வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் கல்லுல கை வைக்காதீங்க. வந்ததும் அந்த அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, மேடையில வச்சுப் பாருங்க.

அப்புறம் கீழ குனிஞ்சு பாருங்க. நம்ம ஊர் பழைய பிளாட்கள்ல கிரானைட்டுக்கு அடியில கடப்பா கல்லோ கான்கிரீட் பலகையோ இருக்கும். கான்கிரீட்னா உள்ள கம்பி ஓடும். கம்பியை வெட்டினா பலகையோட பலம் குறையும். ரெண்டு பக்கமும் தாங்கல் கொடுத்த பிறகுதான் வெட்டணும்.

இப்போ நான் கோட்டை விட்ட இடம். மேடையோட அகலம் 600 மி.மீ., அதுல 490 போயிடுது. பின்னாடி 50 விட்டா, முன்னாடி மிஞ்சுறது 60 மி.மீ. பட்டைதான். கல்லுல ரொம்ப பலவீனமான இடம் அதுதான். கட்டரோட பிளேடு வட்டம். மேல மூலை வரைக்கும் வெட்டினாலும், அடியில வெட்டு முழுசா வந்திருக்காது. அதை முடிக்க மேஸ்திரி பிளேடை மூலையைத் தாண்டி ஒரு இன்ச் ஓட்டினார். நானும் பக்கத்துல நின்னு, "சீக்கிரம் முடிங்கண்ணே"ன்னு சொல்லிட்டிருந்தேன். கூர்மையான மூலையில பாரம் எல்லாம் ஒரே புள்ளியில வந்து குவியும். கூடவே அந்த ஒரு இன்ச் கீறல். பெரிய குக்கரைத் தூக்கி வைக்க வைக்க, விரிசல் அங்கிருந்து கிளம்பி முன் விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு.

சரியான முறை ரொம்ப சிம்பிள். நாலு மூலையிலயும் முதல்ல டைமண்ட் பிட் வச்சு வட்டமா ஓட்டை போடணும். பிறகு ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு வெட்டணும். பிளேடு ஓட்டையைத் தாண்டவே கூடாது. மூலை வளைவா இருந்தா பாரம் பரவிடும். மேஸ்திரி வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடுங்க. பாதியில சொன்னா யாருக்கா இருந்தாலும் கோபம் வரும்.

கிரானைட் தூசி சாதாரண தூசி இல்லைங்க. அதுல சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலைக் கெடுக்கும், அதுக்கு மருந்தும் கிடையாது. எங்க வீட்டுக்கு வந்த அண்ணன் மூக்குல கட்டியிருந்தது ஒரு துண்டு மட்டும்தான். ஒரு என்95 மாஸ்க் வாங்கி வைங்க, தண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்க. தண்ணியும் கரண்ட்டும் சேருற இடம், அதனால வீட்டுல ஆர்சிசிபி வேலை செய்யுதான்னு முன்னாடியே பார்த்துடுங்க.

சிலிண்டர் கீழ் கப்போர்டுல இருந்தா, கதவுல தரையை ஒட்டி காற்றுத் துளை வேணும். எல்பிஜி காற்றை விட கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும்.

என் விரிசல்ல கல் பசை பூசி, அடியில ஒரு இரும்புப் பட்டை கொடுத்திருக்கேன். தாங்குது. ஆனா கருப்புக் கல்லுல அந்தக் கோடு மட்டும் தினமும் டீ போடும்போது கண்ணுல படுது.