நலன்புரி நிலைய வாழ்வு: உரிமைகளும் காலக்கெடுக்களும்

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போரினால் பலாலி, காங்கேசன்துறை, மயிலிட்டி முதலிய யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு ஊர்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம், மல்லாகம் கோணப்புலம் முகாம் போன்ற நலன்புரி நிலையங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் குடியிருக்க நேர்ந்தது. அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாக, அதாவது பொதுமக்கள் நுழைய முடியாத இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாறின. அவற்றுள் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. இடம்பெயர்ந்தமையால் ஒருவருடைய உரிமை அழிவதில்லை. ஆயினும் உரிய காலத்தில் கோரப்படாத உரிமை வலுவிழக்கக்கூடும் என்பதால், இத்தகைய குடும்பங்கள் சட்டம் வகுத்த காலக்கெடுக்களை அறிந்திருப்பது இன்றியமையாதது.

உரிமைகள்

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை நாட்டினுள் நடமாடுவதற்கும் விரும்பிய இடத்தில் வதிவதற்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு குடிமகனுக்கும் உறுதிசெய்கின்றது. உள்ளக இடம்பெயர்வு குறித்து 1998 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகள், உணவு, குடிநீர், உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுடன் அடையாள ஆவணங்களைப் பெறுவதையும் விட்டுவந்த சொத்தின் பாதுகாப்பையும் இடம்பெயர்ந்தோரின் உரிமைகளாக ஏற்கின்றன. சொந்த ஊருக்குத் திரும்புதல், தங்கியுள்ள இடத்திலேயே நிலைத்தல், வேறிடத்தில் குடியேறுதல் ஆகிய மூன்றுள் ஒன்றைக் குடும்பமே தன் விருப்பப்படி தெரிவுசெய்ய வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

பொதுவாழிடத்தின் ஆபத்துகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புக்கல் படிவுகளிலுள்ள நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருப்பதால், நெருக்கமான குடிசைகளுக்கிடையே அமைந்த மலசலகூடக் குழிகளின் கழிவு பாறை வெடிப்புகளின் வழியே பொதுக்கிணற்றை எளிதில் அடைந்துவிடுகின்றது. எனவே குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுவதோடு, நீரின் நிறமோ மணமோ மாறினாலும் வயிற்றோட்டம் பரவினாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

ஒரே அறையிலும் ஓலைத் தட்டியால் மறைத்த கொட்டிலிலும் பல தலைமுறையினர் வாழும்போது, பெண்களும் பிள்ளைகளும் தனிமையை மட்டுமன்றிப் பாதுகாப்பையும் இழக்க நேரிடுகின்றது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையைக் கோரலாம். 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும் அக்கட்டளையின் மூலம், இருவரும் பகிர்ந்து வாழும் வசிப்பிடத்தினுள்ளும் துன்புறுத்துபவர் நுழைவதைத் தடுக்க முடியும். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கமும் சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கமும் உள்ளன.

காணி

மிகப் பெரிய இழப்பு காணியிலேயே நேர்கின்றது. காலவிதிப்பு என்பது, உரிமையாளரின் அனுமதியின்றி 10 ஆண்டுகள் இடையீடின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோர இடமளிக்கும் சட்டவிதியாகும். அதனைக் காட்டி ஆட்சி உறுதி முடிப்பவர்களும் உள்ளனர். போரினால் வழக்குத் தொடர இயலாதிருந்தோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இக்கணக்கிலிருந்து விலக்கும் சிறப்புச் சட்டம் 2016 இல் நிறைவேற்றப்பட்டபோதிலும், அச்சலுகைக்கும் காலவரம்பு விதிக்கப்பட்டிருந்தமையால், தமது காணியில் பிறர் குடியிருப்பதை அறிந்தவர்கள் தாமதமின்றிச் சட்டத்தரணியை நாட வேண்டும். தாமே ஒருவரைக் குடியிருத்தியிருந்தால், அனுமதியுடனேயே இருக்கின்றார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் அதன் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மனைவி, தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் காணாமற்போயிருந்தாலோ கைவிட்டிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி பெறலாம் என்பதைப் போரில் துணை காணாமற்போன பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

பரிகாரங்கள்

காணியின் நிலை, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல், நிவாரணம் ஆகியவை பற்றிய விவரங்களை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தில் எழுத்தில் கோரலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற முடிவு 14 வேலைநாட்களுக்குள் தெரிவிக்கப்படல் வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அரச அதிகாரிகளின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்ய வேண்டும்; அதே காலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இக்கெடுவில் சேர்க்கப்படுவதில்லை. பணவசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகின்றது.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டை, உறுதி, கிராம அலுவலரின் பதிவு, ஒவ்வொரு விண்ணப்பத்தினதும் திகதியிட்ட பிரதி ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு, மறு பிரதியை முகாமுக்கு வெளியே வாழும் நம்பிக்கையான உறவினரிடம் ஒப்படைப்பது ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடிய பணியாகும். ஊர் திரும்பும் நாளைத் தீர்மானிக்கும் அதிகாரம் அக்குடும்பத்தின் கையில் இல்லாவிட்டாலும், அந்நாள் வரும்போது உரித்தை நிறுவுவதற்கான சான்றைப் பேணிவைப்பது அதன் கையிலேயே உள்ளது.